பிளஸ் 1-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் படிக்க முடியாதா?

பத்தாம் வகுப்பு தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று தெருவில் பெயர் எடுத்த எவரும் வீட்டில் நிம்மதியாக உட்கார முடியாது. பிரிண்டர் வேலை செய்யவில்லை, பென் டிரைவ் திறக்கவில்லை என்று வந்தவர்கள் எல்லாம் இப்போது மகனையோ மகளையோ அழைத்துக் கொண்டு வருவார்கள். "எந்த குரூப் எடுக்கலாம், சார்?" என்பது ஒன்றே கேள்வி.

எங்கள் பகுதியில் மின்சாதனப் பொருட்கள் கடை வைத்திருக்கும் ஒருவர் அப்படித்தான் வந்தார். மகன் ஆறாம் வகுப்பில் இருந்தே அரசுப் பள்ளியில் படித்தவன். நல்ல மதிப்பெண். அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் இடம் நிரம்பிவிட்டது. கணிதம், உயிரியல் உள்ள குரூப்பில்தான் இடம் இருந்தது. பக்கத்தில் உள்ள தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்கள். ஆனால் கட்டணம் அதிகம். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரணும்னா பிளஸ் 1-ல கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தாகணும்ல, சார்?" என்றார்.

இருந்தாக வேண்டியதில்லை. இந்த ஒரு பதில் தெரியாமல் ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்கள் தேவையற்ற செலவில் இறங்குகின்றன. எனவே இதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புகளில் மொத்தம் ஆறு பாடங்கள். தமிழ் அல்லது வேறு மொழி ஒன்று, ஆங்கிலம் ஒன்று. மீதமுள்ள நான்கும் விருப்பப் பாடங்கள். விருப்பம் என்று பெயர் இருந்தாலும் நான்கையும் தனித்தனியே நாம் தேர்வு செய்திட முடியாது. பள்ளி ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கும். அதைத்தான் குரூப் என்கிறோம். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றுடன் உயிரியல் சேர்ந்தால் ஒரு குரூப். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் சேர்ந்தால் இன்னொரு குரூப். கணிதத்தை விட்டுவிட்டு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் அது பியூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் ஆகியவற்றுடன் கணினிப் பயன்பாடுகள் அல்லது வணிகக் கணிதம் சேர்ந்தவை காமர்ஸ் குரூப்கள். இவை தவிர வரலாறு சார்ந்தவையும் தொழிற்கல்விப் பிரிவுகளும் உண்டு.

இப்போது இன்ஜினியரிங் கவுன்சிலிங் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2007 முதல் தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண்ணில் கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என்று மாற்றி மொத்தம் 200-க்கு கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றிருக்கிறாள் எனில் 92, 42, 44 எனக் கூட்டி 178. அவள் கம்ப்யூட்டர் சயின்ஸில் 99 வாங்கியிருந்தாலும் இந்த 178 நகராது. பக்கத்து வீட்டு உயிரியல் மாணவன் கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்தால் அவனுக்கு 185. கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. இடத்திற்கு அவன்தான் முன்னால் நிற்பான். நான்காவது பாடம் உதவுவது இருவர் கட்-ஆஃப் சமமாக வரும்போதுதான். அப்போதும் கணிதத்தையும் இயற்பியலையும் பார்த்துவிட்டுத்தான் அதனிடம் வருவார்கள். ஜே.இ.இ. தேர்வும் இந்த மூன்று பாடங்களில்தான்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு பின்தங்கிவிட மாட்டானா என்பது அடுத்த கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 மற்றும் 2021 பாடத்திட்டங்களில் பைத்தான் புரோகிராமிங் முதலாண்டிலேயே எல்லாப் பிரிவினருக்கும் வைக்கப்பட்டது. சிவில் மாணவனும் படித்தான், மெக்கானிக்கல் மாணவனும் படித்தான். ஏற்கனவே தெரியும் என்று யாரையும் நம்பி அந்தப் பாடம் தொடங்கவில்லை. பிளஸ் 2-வில் புரோகிராம் எழுதிப் பழகியவர்களுக்கு முதல் செமஸ்டரில் சற்று இலகுவாக இருக்கும்; அவ்வளவுதான் வித்தியாசம்.

கதவை மூடுவது கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாமை அல்ல, கணிதம் இல்லாமை. பியூர் சயின்ஸ் எடுத்த ஒரு பெண் பிளஸ் 2 முடித்த பிறகு பி.இ. பற்றிக் கேட்டு வந்தாள். மொபைல் போனில் செயலி எழுதும் ஆசை அப்போதுதான் வந்திருக்கிறது. பொறியியல் கவுன்சிலிங்கில் அவளுக்கு இடம் இல்லை என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. காமர்ஸ் பக்கத்தில் உள்ள வணிகக் கணிதமும் இன்ஜினியரிங்கிற்குச் செல்லாது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2020-21 முதல் அப்ளைடு மேத்தமேடிக்ஸ் என்று ஒரு பாடம் வந்திருக்கிறது. பெயரில் மேத்ஸ் இருக்கிறதே என்று எடுத்துவிட வேண்டாம்; அது வணிகம், சமூக அறிவியல் செல்வோரை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. பொறியியல் எண்ணம் துளியளவு இருந்தாலும் முழுக் கணிதத்தையே எடுங்கள்.

உயிரியல் இல்லாமை மூடும் கதவு மருத்துவம். நீட் எழுத உயிரியல் வேண்டும். பிளஸ் 2-விற்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களையும் அனுமதிக்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஆனால் அது சுற்றுவழி. நம்பிக் கிளம்பும் வழியல்ல.

அப்படியானால் கணிதமும் உயிரியலும் உள்ள குரூப்பை எடுத்துவிட்டால் இரண்டு கதவுகளும் திறந்திருக்குமே என்று தோன்றும். பல பெற்றோர் அப்படித்தான் எடுக்கிறார்கள். திறந்திருக்கும்தான். ஆனால் நான்கு கனமான பாடங்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு கதவுகளுக்கும் ஓடும் பிள்ளை கணிதத்தில் பத்து மதிப்பெண் இழந்தால் கட்-ஆஃபில் முழுதாகப் பத்து குறையும். மருத்துவம் வேண்டாம் என்று பிள்ளை தெளிவாகச் சொன்னால், "எதற்கும் இருக்கட்டும்" என்று உயிரியலைத் திணிப்பது சரியாகாது என்பது என் கருத்து. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பது நல்லது.

இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பலர் பேசுகிறார்கள். 2000-களில் பிளஸ் 2 படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ், இன்னொரு தொகுதி சி பிளஸ் பிளஸ். எழுத்துத் தேர்வு 150 மதிப்பெண்ணில் பாதி ஒரு மதிப்பெண் வினாக்கள். மனப்பாடம் செய்தே 200-க்கு 200 வாங்கியவர்கள் ஏராளம். அந்தக் காலப் பேச்சுதான் "சென்டம் ஈசியா வரும், கம்ப்யூட்டர் எடு" என்று இன்றும் உலவுகிறது. 2018-19-இல் பிளஸ் 1-க்கும் 2019-20-இல் பிளஸ் 2-விற்கும் புதிய புத்தகங்கள் வந்தன. அவற்றின்படி பிளஸ் 1-ல் எண் முறைகள், அல்காரிதம், சி பிளஸ் பிளஸ். பிளஸ் 2-வில் பைத்தான், டேட்டாபேஸ், மை எஸ்.க்யூ.எல். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினாக்கள் 15 மட்டுமே. புரோகிராம் எழுதத் தெரியாமல் நெட்டுருப் போட்டு முழு மதிப்பெண் வாங்குவது முன்புபோல எளிதல்ல.

காமர்ஸ் குரூப்பில் வரும் கணினிப் பயன்பாடுகள் வேறு பாடம். எச்.டி.எம்.எல்., ஜாவா ஸ்கிரிப்ட், பி.எச்.பி., பேஜ்மேக்கர் என்று அதன் பாதையே தனி. அதில் ஆர்வமாக உழைக்கும் பிள்ளைகள் பிளஸ் 2 முடிக்கும்போது ஒரு சிறிய இணையதளம் அமைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். பி.சி.ஏ., பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்று தொடரலாம்; ஆனால் சேரும் கல்லூரி பிளஸ் 2-வில் எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக் கொள்ளவும். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப் படிப்பில் எந்த குரூப் படித்தவரும் தகுதிச் சுற்றில் தேறிச் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும் என்பதே அங்கு நிபந்தனை. காமர்ஸ் எடுத்தால் கம்ப்யூட்டர் கனவு முடிந்தது என்று நினைப்பவர்கள் இதனைக் கவனிக்கவும்.

சரி, பிள்ளைக்கு இது ஒத்து வருமா என்று எப்படித் தெரிந்து கொள்வது? வீடியோ கேம் நன்றாக விளையாடுகிறான், போனில் எல்லாம் தெரிகிறது என்பதை வைத்து முடிவு செய்திட வேண்டாம். கார் ஓட்டத் தெரிவதும் எஞ்சின் பிரிக்கத் தெரிவதும் ஒன்றல்ல. வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் பைத்தானை இலவசமாக டவுன்லோட் செய்து பதிந்து கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டர் போதும். அதனுடன் ஐடில் என்ற எடிட்டரும் வந்துவிடும். பிளஸ் 1, பிளஸ் 2 புத்தகங்களைத் தமிழ்நாடு பாடநூல் கழக இணையதளத்தில் இருந்து பி.டி.எஃப். கோப்புகளாக, தமிழிலும் ஆங்கிலத்திலும், இறக்கிக் கொள்ளலாம். பிறகு பிள்ளையிடம் ஒரு வேலை கொடுங்கள்: மூன்று மதிப்பெண்களைக் கேட்டு வாங்கி, மேலே சொன்ன கட்-ஆஃபைக் கணக்கிட்டுக் காட்டும் புரோகிராம்.

பெரும்பாலும் முதல் முயற்சியில் வராது. முதலில் கணிதம் 92, இயற்பியல் 84 இரண்டையும் கூட்டிப் பார்ப்போம் என்று பிளஸ் அடையாளம் போட்டால், 176 வராமல் 9284 என்று திரையில் நிற்கும். கீபோர்டில் இருந்து வாங்கியதைப் பைத்தான் எண்ணாகக் கருதாமல் எழுத்தாகக் கருதி ஒட்டி வைத்திருக்கிறது. எண்ணாக மாற்றும்படி நாம் சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில் நீங்கள் எதுவும் சொல்லாமல் பிள்ளையைக் கவனியுங்கள். "ஏன் இப்படி வருது?" என்று புத்தகத்தைப் புரட்டுகிறானா, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் இருக்கிறானா, அல்லது சலித்துப்போய் விண்டோவை மூடுகிறானா? இரண்டு வாரம் தினம் அரை மணி நேரம் இப்படிப் போகட்டும். உறவினர்கள் பத்துப் பேர் சொல்லும் ஆலோசனையைவிட இது நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

மீண்டும் அந்தக் கடைக்காரரிடம் வருவோம். அவர் கவனிக்காத இன்னொன்று இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கட்-ஆஃபில் சேராத ஒரு பாடத்திற்காகப் பிளஸ் 1-ல் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த உரிமை கையை விட்டுப் போய்விடும். அவர் பணத்தைக் கட்டி இதனை இழக்க இருந்தார்.

இதைச் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பையன்தான், "அப்ப இங்கேயே சேர்ந்துக்கறேன், பைத்தான் வீட்டிலயே படிச்சுக்கறேன்" என்றான். கடையில் பில் போடும் கம்ப்யூட்டரில் அன்று மாலையே பைத்தானைப் பதிந்து கொடுத்தேன்.

இன்னும் இரண்டு செய்திகள். 2017-18-இல் வந்த பிளஸ் 1 பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்காகப் பதினோராம் வகுப்புப் பாடங்களை ஓரங்கட்டும் பள்ளியாக இருந்தால் எச்சரிக்கை தேவை, ஜே.இ.இ., நீட் இரண்டிலும் பிளஸ் 1 பாடங்களில் இருந்தும் கேள்விகள் வருகின்றன. அடுத்து, சேர்க்கைப் படிவத்தில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள், கணினித் தொழில்நுட்பம் என மூன்று வெவ்வேறு பெயர்கள் இருக்கும். அவசரத்தில் எல்லாம் ஒன்றுதான் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உடன் வரும் மற்ற மூன்று பாடங்களின் பெயரையும் படித்துப் பாருங்கள். தவறாகச் சேர்ந்துவிட்டது தெரிந்தால் வகுப்பு தொடங்கிய முதல் வாரங்களிலேயே தலைமை ஆசிரியரைச் சந்தித்துக் கேளுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த பின் போய்க் கேட்டால் அவர் ஒப்புக்கொண்டாலும், விட்டுப்போன மூன்று மாதப் பாடத்தைப் பிள்ளை தனியே படித்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.