பரிசுப் பணத்தை ஏழைகளுக்கு கொடுத்த விமான மேதை!

முதல் விமானத்தில் பறந்தது யாரு என்று கேட்டால், ரைட் சகோதரர்கள் என்று பள்ளிக்கூட பையன் கூட சொல்லி விடுவான். ஆனால் பிரேசில்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்க சாண்டோஸ் டூமாண்ட்தான் என்று அடித்துச் சொல்வார்கள்.

யார் இவர்?

அல்பெர்டோ சாண்டோஸ் டூமாண்ட் 1873-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி பிரேசிலில் பிறந்தவர். அப்பாவுக்கு பெரிய காபி தோட்டம். அங்கே ஓடிய ரெயில் எஞ்சினை சின்ன வயசிலேயே ஓட்டிப் பழகினார். வாலிப வயதில் பாரிசுக்கு போய் விட்டார்.

அந்த காலத்து பலூன் காற்று அடிக்கிற பக்கம்தான் போகும். அதை நினைத்த பக்கம் திருப்ப ஆசைப்பட்டார் டூமாண்ட். சுருட்டு மாதிரி நீளமான பலூனில் ஹைட்ரஜன் வாயுவை அடைத்து, அடியில் பெட்ரோல் எஞ்சினும், திருப்புவதற்கு சுக்கானும் மாட்டினார்.

ஓட்டல் கூரையில் தொங்கினார்

செயிண்ட் குளூ என்ற இடத்தில் கிளம்பி, ஈபிள் கோபுரத்தை சுற்றி விட்டு 30 நிமிடத்தில் திரும்பினால் 1 லட்சம் பிராங்க் பரிசு என்று ஒரு போட்டி. 1901 ஆகஸ்டு மாதம் முயன்றபோது வாயு கசிந்து, ஒரு ஓட்டல் கூரையில் மோதி தொங்கினார். தீயணைப்பு வீரர்கள் கயிறு போட்டு காப்பாற்றினார்கள்.

மனுஷன் அசரவில்லை. அக்டோபர் 19-ந்தேதி ஜெயித்தே விட்டார். நேரம் தாண்டி விட்டது என்று தகராறு கிளம்பியது. கடைசியில் பரிசு கிடைத்தது.

அந்த பணத்தை அவர் வைத்துக் கொள்ளவில்லை. ஒரு பங்கு தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு. மீதி பாரிஸ் ஏழைகளுக்கு. வயிற்றுப் பாட்டுக்காக தொழில் கருவிகளை அடகு வைத்திருந்த தொழிலாளிகள் அவற்றை மீட்க அந்த பணம் உதவியது.

சக்கரத்தில் ஓடி பறந்தது

1906 அக்டோபர் 23-ந்தேதி "14-பிஸ்" என்ற விமானத்தில் சுமார் 60 மீட்டர் பறந்தார். நவம்பர் 12-ந்தேதி 220 மீட்டர். பாரிஸ் ஜனங்கள் நேரில் பார்த்து கைதட்டினார்கள்.

ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்து விட்டார்கள். ஆனால் அவர்கள் விமானத்துக்கு சக்கரம் கிடையாது. தண்டவாளம் போட்டு கிளப்பினார்கள். டூமாண்ட் விமானம் சொந்த சக்கரத்தில் ஓடி எழும்பியது. பிரேசில்காரர்கள் வாதமே இதுதான்.

அடுத்து மூங்கிலும் பட்டுத் துணியும் வைத்து "டெமோசெல்" என்ற குட்டி விமானம் செய்தார். அதுக்கு காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து கொள்ளட்டும் என்று வரைபடத்தை இலவசமாகவே விட்டு விட்டார்.

சோக முடிவு

1910-ல் உடம்பு சரியில்லாமல் போய் பறப்பதை நிறுத்தினார். பிறகு வந்த உலகப்போரில் விமானங்கள் குண்டு போட்டதை பார்த்து நொந்து போனார். விமானத்தை ஆயுதமாக பயன்படுத்த தடை போடுங்கள் என்று 1926-ல் சர்வதேச சங்கத்திடம் முறையிட்டார். யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

1932-ல் பிரேசிலிலேயே உள்நாட்டு சண்டை. சொந்த நாட்டுக்காரர்கள் மீதே விமானங்கள் குண்டு போட்டன. மனநோயால் அவதிப்பட்டு வந்த டூமாண்ட், ஜூலை 23-ந்தேதி குவாருஜா நகர ஓட்டலில் தற்கொலை செய்து கொண்டார். வயது 59.

ரியோ டி ஜெனிரோ நகரின் நடுவில் உள்ள விமான நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.