பிள்ளையைக் காணும் உரிமை

கணவன் மனைவி என்னும் உறவை நீதிமன்றம் அறுத்து வைக்கலாம். மணமுறிவினால் பெற்றோர் பிள்ளை என்னும் உறவு அறுவதில்லை. பிள்ளை ஒருவரிடம் வளர, மற்றவர் குறித்த நாள்களில் வந்து கண்டு செல்லலாம் என்று நீதிபதிகள் உத்தரவிடுவதற்கு இதுவே காரணம். ஆனால் உத்தரவு கையில் இருந்தும் சிலர் பிள்ளையைக் காண முடியாமல் திரும்புகின்றனர். ஒரு ஞாயிறு கதவு பூட்டியிருக்கிறது. மறு ஞாயிறு பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறார்கள். அதற்கடுத்த ஞாயிறு பாட்டி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். இவ்வாறே ஆறு மாதம் கழிந்துவிடுகிறது. இந்நிலையில் சட்டம் எதைச் செய்யும், எதைச் செய்ய இயலாது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலாவதாக, இவ்வுரிமை யாருடையது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். தந்தைக்கோ தாய்க்கோ கிடைத்த வெற்றிப் பரிசாக இதைக் கருதுவோர் பலர். அது தவறு. தாய் தந்தை இருவருடைய அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்று 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. நேரில் காண இயலாத தொலைவில் இருப்பவர், தொலைபேசி வாயிலாகவும் காணொளி வாயிலாகவும் நாள்தோறும் சில நிமிடமாவது பிள்ளையோடு பேச வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. ஆகவே உத்தரவை மீறுபவர் பிரிந்துபோன துணையை மட்டும் ஏமாற்றவில்லை; தம் குழந்தைக்கு உரியதையும் மறுக்கிறார்.

பிள்ளை பற்றிய உத்தரவுகளை நிறைவேற்றுவது எத்துணைக் கடினம் என்பதற்கு நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே பழைய சான்று ஒன்று உண்டு. அடையாறு பிரம்மஞான சபையில் பணிபுரிந்த நாராயணய்யா என்பவர், 1910-ஆம் ஆண்டில் தம் மைந்தர் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் காப்பில் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி, பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு 1912-இல் வழக்குத் தொடுத்தார். அந்நாளில் அடையாறு செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தமையால், வழக்குச் செங்கற்பட்டு ஜில்லா நீதிமன்றத்தில் பதிவாகி, அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டுமென்று 1913 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. பிள்ளைகளோ இங்கிலாந்தில் இருந்தனர். அம்மையார் மேல்முறையீடு செய்தார். 1914 மே மாதத்தில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பை மாற்றியது. சிறுவர்கள் வழக்கமாக வசிக்கும் இடம் செங்கற்பட்டு ஜில்லாவன்று. அவர்களுடைய விருப்பத்தையும் நலனையும் எடுத்துரைக்க வழக்கில் யாரும் இல்லை. அவர்கள் உடன்படாமல் அவ்வுத்தரவை நிறைவேற்றவும் வழியில்லை என்பன அதன் காரணங்கள்.

இவ்வழக்குத் தாய் தந்தையருக்கு இடையே நடந்ததன்று. ஆயினும் இன்றைய பெற்றோருக்கு இதில் இரண்டு பாடங்கள் உள. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்பது ஒன்று; 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் இவ்விதி இன்றும் நிலவுகிறது. பிள்ளையின் மனத்தைக் கணக்கில் கொள்ளாத உத்தரவு ஏட்டிலேயே நின்றுவிடும் என்பது மற்றொன்று.

ஆதலின் உத்தரவைப் பெறும்போதே அது நிறைவேறத்தக்கதாக அமைய வேண்டும். திருப்போரூரில் தாயிடம் வளரும் சிறுமியை, மாமல்லபுரத்தில் சிற்பத் தொழில் செய்யும் தந்தை காண விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தந்தை அவ்வப்போது பிள்ளையைப் பார்க்கலாம்" என்று மட்டும் எழுதப்பட்ட உத்தரவு அவருக்குப் பயன்படாது. "அவ்வப்போது" என்பதற்கு இருவரும் இருவேறு பொருள் கொள்வர். மாதத்தில் எந்தெந்த ஞாயிறு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கந்தசாமி கோயில் வாசலிலா வேறு பொது இடத்திலா, அழைத்து வருபவர் யார், பிள்ளைக்கு நோயுற்றால் மாற்று நாள் எது, பள்ளி விடுமுறையில் எத்தனை நாள் என்பவை யாவும் உத்தரவில் விளங்க வேண்டும். தெளிவான உத்தரவை மீறியவர், தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப இயலாது.

இனி, உத்தரவு மீறப்பட்டால் செய்ய வேண்டுவன யாவை?

முதல் வேலை, குறிப்பு எழுதி வைத்தல். சென்ற நாள், நேரம், கிடைத்த விடை, உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். கைப்பேசியில் அனுப்பிய செய்திகளையும் வந்த மறுமொழிகளையும் அழிக்கலாகாது. பின்பு வழக்கறிஞர் வாயிலாக அறிவிப்பு ஒன்று அனுப்பலாம். பல குடும்பங்களில் இதனோடு பிணக்குத் தீர்ந்துவிடும்.

தீராவிடில், உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்று மனு அளிக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புகளைப் போலவே குடும்ப நீதிமன்ற உத்தரவுகளையும் நிறைவேற்ற வழி செய்கிறது. தவறிய நாள்களுக்கு ஈடாக வேறு நாள்கள் தருமாறும், சந்திக்கும் இடத்தை நீதிமன்ற வளாகத்துக்கே மாற்றுமாறும் கேட்கலாம். பிள்ளை பற்றிய உத்தரவு கல்லில் வெட்டிய எழுத்தன்று. சூழ்நிலைக்கேற்ப அதனைத் திருத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் இதனைக் கூறுகிறது. தொடர்ந்து மீறுபவரிடமிருந்து பிள்ளையை வளர்க்கும் பொறுப்பையே மாற்றுவது பற்றியும் நீதிபதி ஆலோசிக்கலாம். அங்கும் பிள்ளையின் நலனே அளவுகோல்.

கடுமையான வழிகளும் உள்ளன. தடையுத்தரவை மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யவும், அவரை 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. சிறுவனை நீதிமன்றத்தில் கொணருமாறு 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி இட்ட ஆணையை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், பின்னும் மறுத்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய், மொத்தம் 500 ரூபாய்க்கு மிகாமல் என்று அச்சட்டம் கூறுகிறது. இன்று அத்தொகை யாரையும் அச்சுறுத்தாது. ஆனால் பிள்ளையைக் கொணர ஒப்புக்கொள்ளும் வரை சிவில் சிறையில் வைக்கலாம் என்ற அதன் அடுத்த வாசகம் இன்றும் வலிமை உடையது. இவற்றுக்கு மேல், வேண்டுமென்றே மீறியவர்மீது உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு மனு தொடுக்கலாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீறல் நிகழ்ந்து ஓராண்டுக்குள் இவ்வழியை நாட வேண்டும்.

ஆயினும், சிறை என்பது கடைசிப் படி. தன்னைச் சோறூட்டி வளர்க்கும் தாயைச் சிறைக்கு அனுப்பிய தந்தையிடம் எந்தக் குழந்தை ஓடிவந்து மடியில் அமரும்? தந்தை வளர்க்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். நீதிபதிகள் தண்டிக்கத் தயங்குவதன் உட்பொருள் இதுவே. தயக்கத்தைக் கண்டு மீறுபவர் துணிந்துவிடலாகாது. மனு அளித்தவரும் மனம் சோர்ந்துவிடலாகாது.

செய்யக் கூடாதவை சிலவும் உள. பிள்ளையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்தக் கூடாது. ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமலும் இருக்கக் கூடாது. இரண்டும் வெவ்வேறு கடமைகள். ஒன்று தவறினால் அதற்கென நீதிமன்றத்தில் தனி வழி இருக்கிறது. பள்ளி வாயிலில் காத்திருந்து பிள்ளையைத் தூக்கிச் செல்வது பெருந்தவறு. அந்த ஒரு நாளின் ஆத்திரம் பல்லாண்டு உரிமையைக் கெடுத்துவிடும்.

மறுப்பவர் பக்கத்திலும் சில வேளை நியாயம் இருக்கும். வருபவர் குடித்துவிட்டு வருகிறார், பிள்ளையை அடிக்கிறார் என்ற உண்மையான அச்சம் இருக்கலாம். அப்போதும் தாமே கதவை அடைத்துக்கொள்வதைவிட, உடனே நீதிமன்றம் சென்று உத்தரவை நிறுத்தவோ, பிறர் முன்னிலையில் மட்டும் சந்திக்குமாறு திருத்தவோ கேட்பதே முறை. வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. வறியவராயின் ஆண்களுக்கும் உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம்.

"பிள்ளையே வர மறுக்கிறது" என்பது அடிக்கடி கேட்கும் விடை. ஆசிரியர் தொழிலில் பல்லாண்டு இருந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். வீட்டில் இருவர் பூசலிடும் பிள்ளை, யார் எதிரில் நிற்கிறாரோ அவருக்குப் பிடித்த விடையையே சொல்லும். அது பொய்யன்று, பிழைக்கும் வழி. ஆகவே பிள்ளையின் சொல்லை எடைபோடும் பொறுப்பை நீதிபதியிடமும் மனநல ஆலோசகரிடமும் விட்டுவிடுதல் நன்று.

2022-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், பிள்ளையைக் காண வரும் பெற்றோரை விருந்தினராக மதித்து உபசரிக்க வேண்டும் என்றார். இருநீதிபதி அமர்வு அப்பகுதியை நீக்கிவிட்டது. நாளையும் நேரத்தையும் நீதிமன்றம் விதிக்கலாம். முகமலர்ச்சியை விதிக்க முடியாது. அதைத் தரவேண்டியவர்கள் பெற்றோர்களே. "அப்பா வந்திருக்கிறார், போய் வா" என்று தாயும், "அம்மா காத்திருப்பாள், நேரத்தோடு போவோம்" என்று தந்தையும் சொல்லும் வீடுகளில் நிறைவேற்று மனுவுக்கு இடமே இராது.