பெல்ட் மாட்டுவதற்குள் ஊர் வந்துடும்!

விமானத்தில் ஏறினால் நாம் என்ன செய்வோம்? ஜன்னல் சீட்டுக்கு அடிபோடுவோம். 'டிபன் எப்ப வரும்?' என்று எட்டி எட்டிப் பார்ப்போம். அதெல்லாம் இந்த விமானத்தில் நடக்காது சார். பெல்ட்டைத் தேடி மாட்டி நிமிர்ந்தால், ஊர் வந்தாச்சு!

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள். அதில் வெஸ்ட்ரே ஒரு தீவு, பாப்பா வெஸ்ட்ரே பக்கத்துத் தீவு. (நம்ம பாப்பா இல்லை. எப்போதோ அங்கே வாழ்ந்த பாதிரியார்களைக் குறிக்கிற பழைய வார்த்தை.) இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே 2.7 கிலோமீட்டர். உலகிலேயே குறைந்த தூர ரெகுலர் விமான சர்வீஸ் இதுதான். 1967-ல் லோகன்ஏர் கம்பெனி ஆரம்பித்தது. டைம்டேபிள் கணக்குப்படி பயண நேரம் 2 நிமிஷம். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற பைலட் 53 விநாடியில் போய் ரெக்கார்டே வைத்துவிட்டார்.

நான் பி.காம். கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? ஓடுவது ஐலாண்டர் என்ற குட்டி விமானம். வழக்கமான பயண வேகம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 40 விநாடி போதும். அப்புறம் ஏன் 2 நிமிஷம்? அந்த வேகம் பிடிப்பதற்குள் தீவே வந்துவிடுகிறது. போதாததற்கு, விமானம் காற்றை எதிர்த்து ஏறணும், காற்றை எதிர்த்தே இறங்கணும். காற்று வேறு பக்கமிருந்து வீசினால் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரணும்.

நம்ம ஷேர் ஆட்டோ மாதிரியேதான். எட்டு பேர் ஏறலாம், டிரைவர்... ஸாரி, பைலட் பக்கத்து சீட்டிலும் ஒருத்தர்.

படகு இருக்கிறது. 25 நிமிஷம். ஆனால் அங்கே குளிர்காலத்துக் கடல் படகுக்காரன் பேச்சைக் கேட்காது. பாப்பா வெஸ்ட்ரேயில் 2011 கணக்கெடுப்பில் இருந்ததே 90 பேர். வாத்தியார், டாக்டர், பேஷண்ட், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த விமானம்தான் டவுன் பஸ். கட்டுப்படியாகாத ரூட், அரசுப் பணத்தில்தான் ஓடுகிறது.

"தொண்ணூறு பேருக்குப் பிளேனா? தண்டச் செலவு சார்!" என்றார் பக்கத்து ஆபீஸ் அக்கவுன்டன்ட், டீயை ஆற்றியபடி. பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு எங்க ஊர் பஸ் ஞாபகம் வந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. 'கலெக்ஷன் இல்லை' என்று ஒருநாள் நிறுத்தினார்கள். ஹைஸ்கூல் ஏழு கிலோமீட்டர். நான் சைக்கிளில் போனேன். பொம்பளைப் பிள்ளையைத் தனியா அனுப்ப முடியாது என்று அக்காவை ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டார் அப்பா. அந்த நஷ்டத்தை எந்த லெட்ஜரில் எழுதுவது?

ராத்திரி போனில் அக்காவிடம் இந்த விமானக் கதையைச் சொன்னேன். ரெக்கார்டு, 53 விநாடி எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அது டெய்லி வருமாடா?"

"அனேகமா வரும்க்கா. பனி மூட்டம்னாதான் வராது."