குழந்தைகளின் அண்ணீரகக் கட்டிகளும் மீயொலி நோட்டமும்

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமைந்திருக்கும் நாளமில்லாச் சுரப்பி அண்ணீரகம் ஆகும். குழந்தைகளுக்கு இச்சுரப்பியில் ஏற்படும் புற்றுநோய்களில் முதன்மையானது நியூரோபிளாஸ்டோமா. இது பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டோரிடம் காணப்படுகிறது. வயிற்றில் கட்டி இருப்பதாக ஐயம் எழுந்தால் வழக்கமாக முதலில் செய்யப்படும் படச்சோதனை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எனப்படும் மீயொலி நோட்டமாகும். இதில் கதிர்வீச்சு இல்லை. மயக்க மருந்தும் தேவையில்லை.

கட்டி எங்கிருந்து தோன்றியது என்பதை அறிய இச்சோதனை உதவுகிறது. வில்ம்சு கட்டி சிறுநீரகத்தின் உள்ளிருந்து வளர்ந்து அதன் திசுவை விரிக்கும். அண்ணீரகக் கட்டி பொதுவாகச் சிறுநீரகத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். நியூரோபிளாஸ்டோமாவில் சுண்ணாம்புப் படிவுகள் வெண்புள்ளிகளாகத் தெரியலாம். பெரிய இரத்தக் குழாய்களையும் அது சூழ்ந்திருக்கலாம்.

பிறந்த குழந்தைகளில் அண்ணீரக இரத்தக்கசிவும் கட்டி போலவே தோன்றும். ஒரே நோட்டத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இரத்தக்கசிவு எனில், டாப்ளர் முறையில் அதனுள் இரத்த ஓட்டம் தெரியாது. சில வாரங்களில் அது சுருங்கத் தொடங்கும். இவ்வயதில் சிறிய நியூரோபிளாஸ்டோமாவும் தானாக மறைவதுண்டு. எனவே, கட்டி சிறிதாகவும் குழந்தை நலமாகவும் இருந்தால், உடனே அறுவை செய்யாமல் குறிப்பிட்ட இடைவெளிகளில் நோட்டத்தைத் திரும்பச் செய்து கண்காணிக்கின்றனர். கட்டி வளர்ந்தால் அறுவை மருத்துவம் பரிசீலிக்கப்படும்.

எலும்பு மச்சைக்கு நோய் பரவியுள்ளதா என்பதை மீயொலி காட்டாது. அதற்கு எம்.ஐ.பி.ஜி. நோட்டம், மச்சைச் சோதனை ஆகியன தேவை. சிறுநீரில் கேட்டகோலமைன் சிதைபொருள்களின் அளவும், திசுப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்ய உதவுகின்றன.