பார்க்க யாழ்... செய்வது வேட்டை! ஆழ்கடலில் ஓர் 'அசைவ' ஸ்பாஞ்ச்

ஸ்பாஞ்ச் என்றதும் பாத்திரம் தேய்ப்பதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். நிஜமான ஸ்பாஞ்ச், அதாவது கடற்பஞ்சு, ஒரு விலங்கு. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்புகூட கிடையாது. உடம்பு முழுக்க ஓட்டைகள்தான். உள்ளே இருக்கும் செல்கள் சாட்டை போன்ற இழைகளை ஆட்டி ஆட்டி நீரை உள்ளே இழுக்கும். அதில் வரும் பாக்டீரியாவை வடிகட்டித் தின்னும். கிட்டத்தட்ட நம்ம வீட்டு டீ வடிகட்டிதான். என்ன, இங்கே மேலே தங்குவதுதான் சாப்பாடு.

எல்லா ஸ்பாஞ்சும் இப்படித்தான் என்று நம்பியிருந்தார்கள். 1995-ல் பிரான்ஸ் கரையோரம், மத்தியதரைக் கடல் குகை ஒன்றில் ஒரு குட்டி ஸ்பாஞ்ச் இரையைப் பிடித்துத் தின்பது தெரியவந்தது. அதன்பின் தேடத் தேட, இந்த வகையறா நிறையவே சிக்கியது. அதில் செம அழகானது 2012-ல் பெயர் பெற்ற 'காண்ட்ரோகிளாடியா லைரா'.

இடம், கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் 3,300 முதல் 3,500 மீட்டர் ஆழம். மான்டரே பே அக்வேரியம் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரோபோ நீர்மூழ்கிகளான டிபுரோனும் டாக் ரிக்கெட்ஸும்தான் இதைக் கண்டன. சேற்றில் வேர் போலப் பிடித்து நிற்கிறது. நடுவிலிருந்து கிடையாக நீளும் தண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் நேராக எழும் கிளைகள். அச்சு அசல் யாழின் நரம்புகள் மாதிரி! பெயரிலுள்ள 'லைரா'வும் நரம்பிசைக் கருவியைக் குறிப்பதுதான்.

அந்த இருட்டில் வடிகட்ட அதிகம் கிடைக்காது. நீரை இழுப்பதற்கே எனர்ஜி போய்விடும். அதனால் இது சும்மா நிற்கிறது. கிளைகளில் பொடிப்பொடி கொக்கிகள், வெல்க்ரோ போல. நீரோட்டத்தில் வரும் குட்டி இறால் வகை உயிரிகள் அதில் மாட்டிக்கொள்ளும். மெல்லிய சவ்வு ஒன்று இரையைப் போர்த்தி, மெதுவாகச் செரிக்கத் தொடங்கும். வயிறே இல்லாமல் அசைவ சாப்பாடு!

இனப்பெருக்கமும் இதே டெக்னிக். கிளை நுனியில் இருக்கும் உருண்டைகள் விந்தணுப் பொட்டலங்களை நீரில் விடும். பக்கத்திலுள்ள இன்னொரு ஸ்பாஞ்சின் கிளைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். முட்டைகள் கிளையின் நடுப்பகுதியில் வளரும்.

வீடியோவில் பார்த்துவிட்டால் மட்டும் 'புது இனம்' ஆகிவிடாது. மாதிரியை மேலே கொண்டுவந்து, உடம்பிலுள்ள ஊசி போன்ற சிலிக்கா முட்களை மைக்ராஸ்கோப்பில் அளந்து, சொந்தக்கார இனங்களோடு ஒப்பிட்டு, ஆய்விதழில் எழுத வேண்டும். பேரே இல்லாத ஒன்றைப் பாதுகாப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

வெல்டன் லீ குழு 'இன்வெர்டிபிரேட் பயாலஜி' இதழில் இதை விவரித்தபோது கையில் இருந்தவை இரண்டே மாதிரிகள்; இன்னும் பத்து, வீடியோவில் மட்டும். முதலில் கண்ணில் பட்டவற்றுக்கு இரண்டு தண்டுகள்தான் இருந்தன. மறுபடி ரோபோவை இறக்கிப் பார்த்தபோது, ஆறு தண்டுகளோடும் ஒன்று நின்றது.