உங்களுக்குத் தெரியுமா? பதற்றத்துக்கு எந்த அத்தியாயம்?

திரும்பத் திரும்பக் கை கழுவ வைக்கும் ஓசிடி, 2013 மே மாதம் வரை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்.மில் பதற்ற நோய்களுள் ஒன்றாக இருந்தது. ஐந்தாம் பதிப்பில் அதற்குத் தனி அத்தியாயம் கிடைத்தது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி.யும் அப்போதே பிரிந்து போனது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலிலோ, இவை இரண்டும் முந்தைய பத்தாம் பதிப்பிலேயே தனித்தனிப் பிரிவுகள்தான்.

திடீரென்று பீதி தாக்கும் பேனிக் தனி நோயானதற்கு ஒரு மாத்திரையும் சில நர்ஸுகளும் காரணம். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில் மனநல மருத்துவர் டொனால்டு க்ளைன் தன் நோயாளிகளுக்கு இமிப்ரமின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். குணம் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள் நோயாளிகள், டாக்டர்களுக்கும் தெரியவில்லை. “செத்துப் போகிறேன்” என்று தினமும் பல முறை ஓடி வந்தவர்கள் இப்போது வருவதே இல்லை என்பதைக் கவனித்தவர்கள் நர்ஸுகள்! திடீர்த் தாக்குதல் நின்றிருந்தது. ‘மறுபடி வந்துவிடுமோ’ என்ற கவலை மட்டும் நிற்கவில்லை. ஒன்று மருந்துக்கு அடங்குகிறது, மற்றது அடங்கவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு என்றார் க்ளைன். 1895-இல் ஃப்ராய்டு ஒரே நோயாக வரையறுத்த பதற்ற நியூரோசிஸ், 1980-இல் டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பில் பேனிக், ஓயாத கவலை என இரண்டானது. மருந்தை வைத்து நோயைப் பிரிப்பது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தலைவலியும் காய்ச்சலும் ஒரே பாராசிட்டமாலுக்கு அடங்குகின்றனவே!

ஓயாத கவலை எத்தனை நாள் நீடித்தால் நோய்? டி.எஸ்.எம்.மில் 1980-இல் ஒரு மாதம் போதும். 1987-இல் ஆறு மாதம் ஆக்கிவிட்டார்கள். ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பு ‘பல மாதங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது.

கூட்டத்துக்கும் வெளியிடத்துக்கும் பயப்படும் அகோராஃபோபியா, பேனிக்கின் விளைவு என்பது அமெரிக்கக் கட்சி. இல்லை, அந்தப் பயம்தான் மூலம் என்றது ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பு. இன்று இரண்டு புத்தகங்களுமே அவற்றைத் தனித்தனி நோய்களாக எழுதிவிட்டன.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரட்டைச் சகோதரிகளை ஆராய்ந்த கென்னத் கெண்ட்லர் குழு, ஓயாத கவலைக்கும் மனச்சோர்வுக்கும் பின்னால் இருக்கும் மரபணுக் காரணிகள் ஒன்றே என்று 1992-இல் எழுதியது. அப்படியானால் அந்தக் கவலை மனச்சோர்வின் பக்கம் போக வேண்டியதுதானே? 2017-இல் வெளியான ‘ஹைடாப்’ வகைப்பாடு அதைத்தான் செய்தது: கவலை, மனச்சோர்வோடு ஒரு கூட்டம், பேனிக்கும் ஃபோபியாக்களும் ‘பயம்’ என்ற வேறு கூட்டம்.

கவலையும் மனச்சோர்வும் கலந்து வருபவர்களுக்கு ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பில் ஒரு பெயர் உண்டு. இடம் மனநிலைக் கோளாறுகளின் பிரிவில். டி.எஸ்.எம். கிட்டத்தட்ட அதே பெயரைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. டாக்டருக்கு டாக்டர் கணிப்பு ஒத்துப்போகவில்லை.

நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது என்று சொல்லும் இடத்தில் ஐ.சி.டி.யின் பெயரைக் குறிப்பிடுகிறது. டி.எஸ்.எம்.மின் பெயர் அங்கே இல்லை.