ஆணா, பெண்ணா?

உடும்பையும் கபறக்கொய்யாவையும் நாம் அறிவோம். இவற்றின் குலத்தில் மிகப் பெரியது, இந்தோனேசியத் தீவுகள் சிலவற்றில் வாழும் கொமோடோ உடும்பு. 2021ஆம் ஆண்டு அஃது அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் சேர்க்கப்பட்டது.

இதனை மிருகக்காட்சிச்சாலைகளில் வளர்த்துப் பெருக்க முனைவோர்க்கு முதற் சங்கடம், ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவதே. சேவலுக்குக் கொண்டைபோல் வெளியடையாளம் எதுவும் இதற்கில்லை. ஆணுறுப்பும் வாலின் அடியில் மறைந்திருக்கும். ஆகவே இரத்தத்தைச் சோதித்துப் பால் அறிகின்றனர். செவிக்குக் கேளாத ஒலியலைகளைச் செலுத்தி, வயிற்றினுள் முட்டைகள் வளர்வதையும் காண்கின்றனர். முட்டைகள் வெளிவராது தங்கிவிடின் தாயின் உயிருக்கே ஆபத்தாதலின், இச்சோதனை அதன் நலங்காக்கவும் உதவுகின்றது.

பெண் தனித்திருந்தால் முட்டையிடாது என்றும் எண்ணிவிடலாகாது. இங்கிலாந்திலுள்ள செஸ்டர் மிருகக்காட்சிச்சாலையில் புளோரா என்னும் பெண் உடும்பு, ஆணோடு என்றுமே சேராதிருந்தும் 2006இல் 25 முட்டைகள் இட்டது. 2007 ஜனவரியில் குஞ்சுகளும் பொரித்தன! தந்தையின் பங்கு அவற்றில் அணுவளவும் இல்லை.

விந்தைதான், ஆயினும் இனத்தைக் காக்க இது போதாது. இவ்வாறு பிறந்து வாழ்வன யாவும் ஆண்களே. தாயொருத்தியின் பரம்பரைக் கூறுகளையன்றி வேறெதையும் அவை பெறுவதில்லை. பல்வகைமை குன்றிய இனம் நோய்க்கு எளிதில் இரையாகும். ஆதலால், பாலறிந்து தக்க துணையைச் சேர்த்துவைத்தலே இவ்வினத்தைக் காக்கும் முதற்பணி.